மலைக்குக் கட்டிய கூட்டோடு வன்னிக்கு வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டபுள் கப் பிக்கப்பின் பின்பெட்டியில் படுக்கைக் கூடு ஏற்றி ஏ-9 வீதி வழியே வட இலங்கையின் வன்னிக்கு வரும் அன்பர்களுக்கு, வணக்கம்.

கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து வந்தாலும் உங்கள் வண்டிகளில் பெரும்பாலானவை மலையை நினைத்துக் கட்டப்பட்டவை. மீமுரே இறக்கத்துக்கும் ரிவர்ஸ்டன் குளிருக்கும் அந்தக் கட்டு பொருந்தும். ஏற்றம், கொண்டை ஊசி வளைவு, சூடேறும் பிறேக், விறைக்கும் இரவு இவைதான் அங்கே கவலை. வன்னியில் ஏற்றமே இல்லை. நீங்கள் காணும் உயரமான இடம் அநேகமாக ஒரு குளக்கட்டாக இருக்கும். இங்கே வண்டியை நிறுத்துவது மண். அந்த மண் எப்போது தாங்கும், எப்போது விழுங்கும் என்பதை மழையும் குளமும் தீர்மானிக்கும். புதைந்த வண்டிகளை இழுக்க ரக்ரர் கொண்டு போகிறவர்களும் அந்தக் குளங்களின் கீழே வயல் செய்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் பாரம். ஒரு தொன் ஏற்றலாம் என்று சொல்லப்படும் டபுள் கப்பில் 400 கிலோக் கூடு, நால்வர் என்றால் 280 கிலோ, 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஈய பற்றரி ஒன்று 30 கிலோவுக்குக் கிட்ட. அதன்மேல் கூரையில் இரும்புச் சட்டம், பந்தல், இரண்டாவது ஸ்பெயார் சில்லு, குளிர்ப்பெட்டி, காஸ். கூட்டிப் பாருங்கள், தொன்னைத் தொட்டுவிடும். கற்பாறைப் பாதை இதைத் தாங்கும், ஸ்பிரிங் மட்டுமே முனகும். இங்கே பின் அச்சு நேராக மண்ணுக்குள் இறங்கும். ஆகவே வன்னிக்கு வரும்போது ஹீற்றரையும் கனத்த மெத்தையையும் கூரைச் சட்டத்தையும் வீட்டில் வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் போதும். நால்வருக்கு இரண்டு நாளைக்கு 40 லீற்றர். அதை வவுனியாவிலோ மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ நிரப்பலாம். குளத்துத் தண்ணீர் குடிக்க என்று நினைத்து வராதீர்கள். தண்ணீர்த் தாங்கியைப் பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் முன்சில்லு பாரமிழந்து, சேற்றில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேரே போகும்.

மண் ஒரே மாதிரி இல்லை. வவுனியா, நெடுங்கேணிப் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்; மழைக்குப் பிறகு ரயரின் பள்ளங்களை அடைத்து அதை மொட்டையாக்கிவிடும். கிரவல் போட்ட வீதியில் ரயர்க் காற்றை 28 பிஎஸ்ஐ வைத்தால் அதிர்வு குறையும். முருங்கன் பக்கம் வேறு. அங்குள்ள கரிசல் களி கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் ஊதும். அந்தக் காலத்தில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களி போனது அங்கிருந்துதான். அந்த மண் நனைந்திருக்கும்போது காற்றைக் குறைத்தோ ஃபோர் வீல் போட்டோ பயனில்லை. ரயரில் களி உருண்டு மட்காட்டை அடைத்து, சில்லே சுற்றாது. நல்ல வெயிலில் காயவிட்டுத்தான் போக வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர வெண்மணலில் 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். பாரம் ஏற்றிய வண்டியில் 16க்குக் கீழே போனால் திருப்பத்தில் ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். 20இல் இருக்கும்போது வேகம் 30ஐத் தாண்டக்கூடாது. தார் வீதிக்கு ஏறுமுன் 38க்குத் திரும்ப அடியுங்கள், இல்லையென்றால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். கொம்பிரசர் ஓடும்போது எஞ்சினும் ஓடட்டும்.

காற்றைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. ரயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், பாதையோரத்து விடத்தல் முள்ளும் உடைமுள்ளும் அங்கேதான் ஏறும். அடியில் ஏறிய முள்ளுக்கு ஒட்டுத்திரி போடலாம். பக்கச்சுவரில் ஏறினால் ரயரை மாற்றவே வேண்டும். அதனால் மணலுக்கு மட்டும் இறக்குங்கள், முட்காட்டுக்குள் நுழையுமுன் ஏற்றிவிடுங்கள்.

சுண்டிக்குளம், கொக்கிளாய்க் களப்போரங்கள் மிகவும் ஏமாற்றும். மேலே உப்புப் பொரிந்த வெள்ளைத் தரை, சிமெந்து பூசியதுபோல் இருக்கும். கீழே கருஞ்சேறு. இறங்கி நடந்து, குதிக்காலை ஊன்றிப் பாருங்கள். மேற்பொருக்கு உடைந்து சாம்பல் நிறச் சேறு தெரிந்தால் வண்டிக்கு அங்கே வேலையில்லை. ஒருமுறை புதைந்தால் உப்பு அடிச்சட்டத்துக்கும் பிறேக் குழாய்க்கும் இறங்கிவிடும்; அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. உள்ளே தங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மடுவீதிப் பூங்காவுக்கும் அப்படியே.

இனி இந்த மடலின் முக்கிய காரணத்துக்கு வருகிறோம்: குளக்கட்டு.

படம் எடுக்க அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல், மேலே வானம். ஆனால் கட்டு என்பது இறுக்கி உயர்த்திய மண். மழையில் ஊறிய கட்டின்மேல் மூன்று தொன் வண்டி ஒன்று போனால் இரு கோடு பள்ளம் விழும். அடுத்த மழையில் அந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும். நின்ற நீர் உள்ளே இறங்கும், அல்லது வழிந்து கட்டின் சரிவில் ஓடை வெட்டும். ஓடை பெருத்தால் கட்டு அந்த இடத்தில் மெலியும். குளம் முட்ட நிற்கிற மார்கழியில் மெலிந்த இடம் எது என்று நீருக்குத் தெரியும். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகளைத் திறந்தபோது கீழே கிளிநொச்சி எப்படிக் கிடந்தது என்பதைச் செய்தியிலாவது பார்த்திருப்பீர்கள். இரணைமடுவைக் காக்க ஆட்களும் கதவுகளும் உண்டு. பெயர் தெரியாத சின்னக் குளங்களுக்குக் கமக்காரர் அமைப்பும் மண்வெட்டியும்தான். உங்கள் சில்லு வெட்டிய பள்ளத்தைச் சிரமதானத்தில் நிரப்புவது அவர்கள். காலபோகம், அதாவது மாரிகால நெல், முழுவதும் அந்தக் குளத்தை நம்பித்தான் விதைத்திருப்பார்கள்.

வண்டியின் பக்கமிருந்து பார்த்தாலும் கட்டு நல்லதல்ல. திருப்ப இடமில்லை. கூட்டோடு மூன்று மீற்றர் உயரமான வண்டியை, கண்ணாடியில் பின்பக்கம் தெரியாமல், ஒரு கிலோமீற்றர் பின்னால் எடுக்க வேண்டிவரும். கட்டின் விளிம்பு மழைக்குப் பிறகு இளகியிருக்கும். சில்லு ஒரு முழம் விலகினால் வண்டி சாயும், கூட்டின் உயரமே அதைக் கவிழ்க்கும். துருசுக்கு (நீர் திறக்கும் மதகுக்கு) மேலே நிறுத்தவே கூடாது. பஸ் ஓடும் பொதுவீதியாக அமைந்த கட்டுகளில் போங்கள், தடையில்லை. மற்றக் கட்டுகளில் வண்டியைக் கீழே விட்டு ஏறி நடங்கள். பத்து நிமிட நடை.

கட்டை விட்டால் அடுத்த ஆசை அலைகரை. ஆடி ஆவணியில் நீர் வற்ற, குளத்தின் மேற்புறம் பச்சைப் புல்வெளியாக விரியும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் எங்கும் இதே காட்சி. கூடாரம் போடப் படைத்த இடம்போல் தோன்றும். அந்தப் புல்லையும் தண்ணீரையும் தேடி யானையும் மாடும் அங்கேதான் வரும் என்பதையும் எண்ணுங்கள். வெடித்த மேல்மண்ணுக்குக் கீழே வண்டல் இன்னும் ஈரமாக இருக்கும். நீரோரத்தில் முதலை உண்டு. பாத்திரம் கழுவ விளிம்பில் குந்தியிருப்பது வேண்டாம், வாளியில் அள்ளி மேலே கொண்டுபோங்கள். சவர்க்காரமும் குளத்துக்குள் வேண்டாம்.

யானைப் பாதையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை: இலத்தி, மரத்தில் இரண்டு மீற்றர் உயரத்தில் உரசிய சேறு, காட்டிலிருந்து நீருக்கு நேராக இறங்கும் மிதித்த தடம். மூன்றில் ஒன்று கண்டாலும் அங்கே படுக்காதீர்கள். கூட்டுக்குள் வாழைப்பழம், வத்தகப்பழம், உப்பு, அரிசி எதையும் திறந்து வைக்காதீர்கள். மெல்லிய அலுமினியத் தகடு யானைக்குத் தடையே இல்லை. மாலையானால் யானைவேலியில் மின் ஓடும். படலையைத் திறந்து போனால் திரும்ப மூடிவிட்டுப் போங்கள். நீங்கள் மூடாத ஒரு படலையால் ஓர் இரவில் ஒரு வயல் போகும். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது பாலைமரத்தின் கீழே நிறுத்துவதைத் தவிருங்கள். கரடி அந்தப் பழத்துக்காக இரவில் ஏறும்; விழித்தவுடன் எதிரே நிற்பது மனிதன் என்றால் யோசிக்காமல் பாயும் மிருகம் அது.

முகாமிடுபவர்களுக்கு உலகமெங்கும் சொல்லப்படும் இரண்டு அறிவுரைகள் இங்கே தலைகீழ். ஒன்று, மலம் கழிக்கக் குழி தோண்டி மூடு என்பது. மற்றது, வட்டமாகக் கல் அடுக்கித் தரையில் தீ மூட்டு என்பது. வன்னியில் தெரியாத நிலத்தைத் தோண்டாதீர்கள், தெரியாத தரையில் தீ மூட்டாதீர்கள். போர் 2009இல் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை முடியவில்லை. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்து, 2028ஐக் கெடுவாக வைத்து வேலை நடக்கிறது. சிவப்புப் பலகை, மண்டையோட்டுக் குறி, சிவப்பு நுனிக் குச்சி எதைக் கண்டாலும் அங்கேயே நின்று, வந்த சில்லுத்தடத்திலேயே பின்னால் எடுங்கள். பலகை இல்லையென்பதால் நிலம் சுத்தம் என்று ஆகாது. புதைந்து கிடக்கும் வெடிபொருள் வெடிக்க, மேலே எரியும் தீயின் சூடு போதும். காஸ் அடுப்பைக் காலுள்ள மேசையில் வையுங்கள். மூடியுள்ள கழிவறைப் பெட்டி கொண்டுவந்து, நகரத்தில் அனுமதித்த இடத்தில் கொட்டுங்கள். தரையில் இரும்புத்துண்டு கிடந்தால், அது எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும், தொடவேண்டாம்; பொலிசுக்கு, 119க்குச் சொல்லுங்கள்.

தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் தீ இன்னொரு பயம். காய்ந்த புல்லுக்குள் ஓட்டினால் எக்ஸோஸ்ட் குழாயைச் சுற்றிப் புல் சேரும். அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, குனிந்து பார்த்து உருவிவிடுங்கள்.

ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை காட்டுப்பாதை வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். வந்தே தீர வேண்டுமென்றால் தாம்போதியில், அதாவது நீர் மேலே பாயும் தாழ்ந்த வீதியில், கவனம். குளம் நிரம்பி வான் பாய்கிறதா என்று காலையில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேலே பெய்தது கீழே வரச் சில மணி நேரம் ஆகும், அதனால் போகும்போது கணுக்காலளவு இருந்தது திரும்பும்போது இடுப்பளவு நிற்கும். ஓடும் நீர் முழங்காலுக்கு வந்தால் கடக்க முயலாதீர்கள். உயரமான கூட்டின் பக்கத்தில் நீரும் காற்றும் சேர்ந்து தள்ளும். கடந்தபின் டிஃப்பரன்ஷியலின் காற்றுத்துளையை நினையுங்கள்: ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, துளைவழியே நீரை உறிஞ்சும். அடுத்த நாள் ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் உடனே மாற்றுங்கள். எஞ்சினுக்குள் நீர் போய் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கொனெக்டிங் ரொட் வளையும். இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. மலைக்குளிருக்கு அடைத்த கூடு இங்கே அடுப்பாகும். எதிரெதிரே இரண்டு யன்னல், கொசுவலை, ஒரு சின்ன மின்விசிறி போதும். குளிர்ப்பெட்டி ஓடும்போது 4 அம்பியர் இழுக்கும். இந்த வெயிலில் பாதிநேரம் ஓடினாலும் ஒரு நாளில் 48 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பழுதில்லாமல் எடுக்கத்தக்கதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, எங்கே தங்குவது? ஊரோடு. காட்டோரத்தில் காணியுள்ள ஒருவரின் முற்றத்தில், கேட்டு, கிணற்றுக்கும் கழிவறைக்கும் ஏதாவது கொடுத்துத் தங்குங்கள். பெருங்குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுள்ள சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும், காடு என்றால் வனவளத் திணைக்களம், இவர்களிடம் கேளுங்கள். கிராம அலுவலரிடம் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவையுங்கள்; காட்டுக்குள் போனில் கோடு விழாது, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்கவும் வெளியே வர வேண்டியிருக்கும். போகிற வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் பாதை எப்படி என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வாகனக்காரர் எல்லாரும் அங்கே நிற்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் புதைந்தால், சில்லைச் சுற்றவிடாதீர்கள். அச்சு மண்ணில் உட்காருமுன் நிறுத்தினால் மண்வெட்டியும் இரண்டு பலகையும் போதும். உட்கார்ந்த பிறகு ரக்ரர்தான். ரக்ரர் வருமுன் நான்கு சில்லுக்கும் முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி வையுங்கள், இழுவை பாதியாகும். கயிற்றை அடிச்சட்டத்துக் கொக்கியில் மாட்டுங்கள். பம்பரிலோ ட்ரெயிலர் மாட்டும் இழுவைக் குண்டிலோ மாட்டினால் அது பிடுங்கிக்கொண்டு பறந்து ஆளைக் கொல்லும். சங்கிலியால் உதறி இழுக்கக் கேட்காதீர்கள். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கைப் போட்டு, எல்லாரும் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நில்லுங்கள். கூலியை இழுக்குமுன் பேசுங்கள். உழவுக் காலத்தில் வருகிறவர் ஒரு ஏக்கர் உழவை விட்டுவிட்டு வருகிறார், அதைக் கணக்கில் வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வன்னிக் குளங்களின் கீழே வயல் செய்வோரும் வண்டி ஓட்டுவோரும்