எண்ணாகிப் போகும் மனிதர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருண்ட எதிர்காலத்தைச் சித்திரிக்கும் டிஸ்டோபியா புதினங்களை வீண் கற்பனை என்று பலரும் ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ரஷ்ய எழுத்தாளர் எவ்கேனி சம்யாத்தின் 1920-21ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நாம்' புதினத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே உண்டு. அவர்கள் குடியிருக்கும் வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. அந்நூல் அவருடைய சொந்த நாட்டில் 1988இல்தான் அச்சேறியது.

சென்ற மாதம், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை அருகே எங்கள் ஊர் ரேஷன் கடையில், முப்பது ஆண்டுகளாக ரப்பர் பால்வெட்டும் அண்டை வீட்டு அண்ணன், தேய்ந்துபோன பெருவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. அவரை நெடுங்காலமாக அறிந்த விற்பனையாளராலும், "கைரேகை பதியல, அண்ணா" என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். போலி அட்டைகளைத் தடுக்கக் கருவி உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், நேரில் அறிந்தவரின் சொல்லுக்கு மதிப்பற்றுப்போகும் அந்த நிலையைத்தான் சம்யாத்தின் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டு அஞ்சினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய புதினங்களை எல்லையோரக் கிளை நூலகங்களில், பள்ளி மாணவர் கைக்கு எட்டும்படி வாங்கி வைக்குமாறு பொது நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், களியக்காவிளை