சுவரில் பூசணம், மேலே ஒரு கோட்டிங் பெயிண்ட்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், எவர்சில்வர் பாத்திரம் பளபளக்க ஒரு யோசனைக்கும் இட்லி மாவு சீக்கிரம் புளிக்காமல் இருக்க ஒரு யோசனைக்கும் நடுவே இப்படி இருந்தது: ‘மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை படிந்தால் கவலை வேண்டாம். காய்ந்த துணியால் நன்றாகத் தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் சுவர் புதுசு போலாகிவிடும்.’

இதற்கு 100 ரூபாய் பரிசு வேறு. இதே குறிப்பை யாரும் சொல்லாமலே 2016-இல் எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். ஆன செலவை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீடு. இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் உள்ளே நின்றது. வடிந்த பிறகும் சுவர் மாதக்கணக்கில் காயவில்லை. ஓதம் மேலே ஏறி, பீரோவுக்குப் பின்னாலும் கட்டில் தலைமாட்டிலும் கறுப்புப் பொட்டுப் பொட்டாகப் பூசணம் பூத்துவிட்டது. வீட்டுக்காரரிடம் முறையிட்டால், “துணியை வீட்டுக்குள்ளயே காயப்போட்டா அப்படித்தாம்மா இருக்கும்” என்றார். (மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான் இருந்தது.) சரி, நாமே பார்ப்போம் என்று என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காய்ந்த துணியால் தேய்த்தார். பக்கெட்டும் பிரஷ்ஷுமாக நான் கூடவே நின்றேன். பெயிண்ட் அடித்ததும் சுவர் நிஜமாகவே புதுசு போலத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது.

என் கணவருக்கு முன்பே மார்கழிப் பனியில் லேசாக இழுக்கும். இன்ஹேலரை ஒரு தடவை எடுத்தால் அடங்கிவிடும். அந்த வருஷம் அடங்கவில்லை. ராத்திரி முழுக்க இருமல், சளியில் பழுப்பு நிறக் கட்டி கட்டியாக ஏதோ வரும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒருமுறைகூட அகப்படவில்லை, ஆனாலும் மாத்திரை நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் அவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தார்கள். அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

கடைசியில் ஒரு நுரையீரல் மருத்துவர்தான், “வீட்டுச் சுவர் எப்படி இருக்கு?” என்று கேட்டார். அத்தனை நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி. ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ அளவு 3,000-ஐத் தாண்டியிருந்தது. நூறு, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியதாம். தோலில் ஊசி குத்திப் பார்த்ததில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு உடம்பு பொங்கியது. ஸ்டீராய்டு, அப்புறம் பூஞ்சைக்கான மாத்திரை, வீடு மாற்றம் என்று ஒருவழியாகத் தேறினார். ஆனால் ஸ்கேனில் விரிந்து தெரிந்த மூச்சுக்குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கியதைத்தான் சொல்கிறேன். இந்தப் பூஞ்சையின் ஒரு வித்து இரண்டு, மூன்று மைக்ரான்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். ஆஸ்துமாக்காரரின் கெட்டிச் சளியில் அது அங்கேயே முளைத்து வளரவும் செய்யும். செத்த வித்துகூட ஒவ்வாமையைக் கிளப்பும். காய்ந்த துணியால் தேய்த்தால் லட்சக்கணக்கில் பறக்கும். தேய்ப்பவர் அத்தனையையும் இழுத்துக்கொள்வார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் பூசணம் அடியில் இருக்கத்தான் செய்யும்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. அதே வீட்டில்தான் நானும் இருந்தேன், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அங்கே தவழ்ந்த என் பேத்திக்கு மூன்று வயதில் வீசிங் வந்தது. அதற்கும் அந்தச் சுவர்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்வீர்களா?

உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே ஈர வீடு, பூஞ்சை பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூசணம் பிடித்த வீட்டில் மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டு 2020 டிசம்பரில் இறந்துபோனது. பூஞ்சைதான் காரணம் என்று 2022-இல் மரண விசாரணையில் சொன்னார்கள். அந்தக் குழந்தையின் அப்பா 2017-இல் புகார் செய்தபோது அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? மேலே பெயிண்ட் அடியுங்கள் என்பதுதான். அங்கே இப்போது அந்தக் குழந்தையின் பெயரில் சட்டம் இருக்கிறது. இங்கே 100 ரூபாய் பரிசு இருக்கிறது.

பத்திரிகைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. ஆனால் நீங்கள் போட்ட ஆஸ்துமா சிறப்பிதழில் தூசு உண்டு, புகை உண்டு, நாய் முடி உண்டு, தயிரும் வாழைப்பழமும்கூட உண்டு, பூஞ்சை மட்டும் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க லேகிய விளம்பரம். வருஷா வருஷம் ஜூன் பிறந்தால் ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்கு உயிர் மீன் விழுங்கும் படத்தைக் கலரில் போடத் தவறுவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே விஷயமாக ஒரு கடிதம் எழுதினேன். நீளம் அதிகம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்த இதழில் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நாய்க்குட்டி அழகாகத்தான் இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பகுதியில் இவ்வளவு போட்டால் போதும்: பூசணத்தைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடி, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், வீசிங் உள்ளவர்கள் அந்த அறைப்பக்கமே போக வேண்டாம், கசிவை அடைத்துச் சுவர் காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். பரிசுப் பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
28 வருஷச் சந்தாதாரர்,
வேளச்சேரி, சென்னை.

பி.கு.: இந்தக் கடிதமும் நீளம்தான். வெட்டுவதானால் நாய்க்குட்டியை வெட்டுங்கள், சோப்புத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்.