துக்க லீவுப் பட்டியலில் பெரியம்மாவையும் சேருங்கள்

சென்னையில் கம்பெனி நடத்துபவர்களுக்கும் அங்கே ஹெச்.ஆர். வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

போன ஆடியில் என் பெரியம்மா திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் தவறிப்போனார். அம்மாவுக்கு வெளியூரில் டீச்சர் வேலை என்பதால் ஐந்தாம் வகுப்பு வரை என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். காலை பத்து மணிக்குப் போன் வந்தது. லீவு கேட்டேன். ஹெச்.ஆரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா, வீட்டுக்காரர், பிள்ளைங்களுக்குத்தான் மூணு நாள் இருக்குக்கா, பெரியம்மாவுக்கு இல்லையே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அங்கே எழுதியிருந்ததைத்தான் சொன்னார். மகனுக்கு டெங்கு வந்தபோதே கேஷுவல் லீவு தீர்ந்திருந்தது. சம்பளப் பிடித்தத்தோடு இரண்டு நாள் கிடைத்தது. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி நடுராத்திரி தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் ஆவி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை, முந்தானையால் துடைத்துத் துடைத்துத்தான் பார்த்தேன். மறுநாள் எடுத்ததும் சாயங்காலமே கிளம்பிவிட்டேன். சுடுகாட்டில் பால் ஊற்றும் காடாத்துக்கும் இல்லை, பதினாறுக்கும் இல்லை. திரும்பி வந்த அன்றைக்கே இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சாவைப் பதியவே சட்டம் 21 நாள் தருகிறது, மூன்றாம் நாளே அதற்கு யார் அலைவார்கள்?

உங்கள் பட்டியலை எழுதியவர் நம் ஊர்ச் சாவு வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடித் துணி வராமல் எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள், அந்தக் கோடியைக் கொண்டுவர வேண்டிய தம்பி உங்கள் ஆபீஸில் ஷிப்டில் இருக்கிறான். தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிப்பது பேரன், பட்டியலில் தாத்தாவே கிடையாது.

1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் கேஷுவல் லீவு 12 நாள், உடம்பு சரியில்லாததற்கு 12 நாள், சம்பளத்தோடு விடுமுறை 12 நாள் உண்டு. சாவுக்கென்று தனியாக எதுவும் இல்லை, அதனால் இது உங்கள் கையில்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் 2003-இல் வந்த விடுமுறைச் சட்டம் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள், மாமனார் மாமியாருக்கும் சம்பளத்தோடு 3 நாள் தருகிறது. மற்றவர்களுக்கு 1 நாள், அதற்கு இறந்தவரோடு எவ்வளவு நெருக்கம், அவர்கள் வழக்கப்படி செய்ய வேண்டிய கடமை என்ன என்பதையும் பார்க்கச் சொல்கிறது. நாட்களைச் சேர்ந்தாற்போல எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகப் பட்டது. நமக்கு அது எவ்வளவு பொருந்தும்! எடுக்கும் அன்றைக்கு இரண்டு நாள், பதினாறுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தால் போதுமே.

அப்புறம், அதே கட்டடத்தில் காண்ட்ராக்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் துப்புரவு வேலை செய்யும் அக்காக்களுக்கும் இதையே கொடுங்கள்.

ஏப்ரலில் புது விதிமுறை போடும்போது பெரியம்மா, சித்தப்பா, தாய்மாமா, தாத்தா, ஆச்சி என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 'வீட்டில் துக்கம்' என்று மட்டும் போட்டுவிட்டு, யார் என்பதை ஊழியரே சொல்ல விடுங்கள். சான்றிதழ் பதினாறு முடிந்து வரட்டும்.