சுல்தானா படத்தில் இருப்பது துருக்கி உடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உருவப்படங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவற்றிலுள்ள சுல்தானா (சுல்தான் அரண்மனைப் பெண்) கோலத்தை ஓட்டோமான் (துருக்கிப் பேரரசு) பெண்களின் உடைக்கே சான்றாகக் காட்டுகிறது. அந்த உடைகளில் பெரும்பாலானவை ஓவியக்கூடத்துச் சரக்கு.

துருக்கிப் பக்கமே போகாத ஓவியர்களுக்குக் கைகொடுத்தது ஓர் அச்சுப்படத் தொகுப்பு. பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோலுடன் 1699இல் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) சென்ற ஓவியர் வான்மூரின் ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கிய 100 படங்கள் 1714இல் பாரிஸில் வெளியாயின. முகமூடி நடனத்துக்கு உடை தைத்தவர்களும் ஓவியர்களும் இத்தகைய படங்களைத்தான் புரட்டினார்கள். அச்சுப்படத்தில் வெளித்தோற்றம் தெரியும், வெட்டும் தையலும் தெரியாது. கோளாறு அங்கேதான் புகுந்தது.

முதலில் இடுப்பைப் பாருங்கள். ஓட்டோமான் அங்கி தோளிலிருந்து தளர்ந்து இறங்கும். உள்ளே மெல்லிய சட்டையும் சல்வாரும். இடுப்புப் பட்டை தாழ்ந்து நிற்கும். ஐரோப்பியச் சீமாட்டியோ திமிங்கில எலும்பு வைத்து உடலை இறுக்கும் உள்கச்சைக் கழற்றாமலே அதன் மேல் கஃப்தானை (துருக்கி நீள அங்கி) மாட்டிக்கொள்வார். மார்பிலிருந்து இடை வரை உடல் கூம்பாக விறைத்து நிற்கும், மடிப்பே விழாது. அடுத்து மென்மயிர், அதாவது விலங்கின் மயிர்த்தோல். ஓட்டோமான் மேலங்கியில் அது உட்புறம் முழுக்க வைத்துத் தைத்தது. ஓரத்தில் தெரிவது அதன் விளிம்பு மட்டுமே. வேட உடையில் பெரும்பாலும் ஓரப்பட்டையோடு சரி. அங்கி புரளும் இடத்தில் வெறும் பட்டு தெரிந்தால் சந்தேகப்படலாம்.

எல்லாமே பொய் என்று தள்ளவும் முடியாது. ஜெனீவாக்கார ஓவியர் லியோதார் 1738 முதல் 1742 வரை கான்ஸ்டான்டினோபிளில் இருந்தவர். உடைகளையும் கையோடு கொண்டுவந்தார். அவர் படங்களில் துணியை நம்பலாம், பெயரை நம்புவதுதான் கடினம். இத்தாலியின் உஃபிசி காட்சியகத்தில் உள்ள 1753ஆம் ஆண்டுப் படம் பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயியின் மகள் அதெலாயித் என்றே வழங்குகிறது. ஆய்வாளர்கள் அதை ஐயுறுகிறார்கள்.

உடையும் படமும் சேர்ந்தே கிடைப்பது அபூர்வம். ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் 1760களில் வரைந்த கேப்டன் ஜான் ஃபூட் படம் அப்படிப்பட்டது. ஃபூட் அணிந்த இந்திய மஸ்லின் ஜாமா (நீள அங்கி), படம் இருக்கும் அதே இங்கிலாந்தின் யார்க் நகரில் பாதுகாக்கப்படுகிறது; இழையோடு இழை ஒப்பிடலாம். அதே ரெனால்ட்ஸ் 1776இல் காட்சிக்கு வைத்த ஒமாய் படம் நேர்மாறு. பசிபிக் கடலின் ரையாட்டியா தீவுக்காரரான ஒமாய்க்கு வெள்ளை அங்கி, தலைப்பாகை, ரோமானியச் சிலையின் தோரணை. எது எந்த ஊருடையது என்று பிரிக்கவே முடியாத கலவை அது.

தாங்கள் வெளியிட்ட பொம்பதூர் சீமாட்டி (15ஆம் லூயியின் காதலி) படம், அவருடைய பெல்வியூ மாளிகைக் கதவுகளின் மேலே பதிக்க கார்ல் வான் லூ வரைந்தவற்றில் ஒன்று. வான் லூ துருக்கிக்குப் போனவரல்ல. படக்குறிப்பில் ‘ஓட்டோமான் அரண்மனை உடை’ என்றிருப்பதை ‘துருக்கி வேடம்’ என்று திருத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை