புத்தர் படத்தை எங்கே ஒட்டலாம் என்று கேட்க ஓரிடம் வேண்டி

அனுப்புநர்:
அச்சுப் பட்டறை ஊழியர், உபி, சிங்கப்பூர்
(பெயரும் தொடர்பு விவரமும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு, சிங்கப்பூர்

பொருள்: விளம்பரங்களிலும் விற்பனைப் பொருள்களிலும் புத்தர் உருவத்தைப் பயன்படுத்துவது குறித்து எளிய வழிகாட்டிக் குறிப்பு ஒன்றை வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உபியில் ஒரு சிறிய அச்சுப் பட்டறையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பேனர், ஸ்டிக்கர், கடைப் பலகை, கண்ணாடியில் ஒட்டும் படம், எல்லாம் அடித்துக் கொடுப்போம். நான் இந்து. பௌத்தர்கள் சார்பில் பேச எனக்கு யாரும் உரிமை தரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் தவறு என் கையால் நடந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஸ்பா திறப்பு விழாவுக்கு அவசர ஆர்டர் வந்தது. கடைத்தொகுதியின் மின்தூக்கி முன்னால் ஒட்ட ஒரு தரை ஸ்டிக்கர். இரண்டு மீட்டர் அகலம், வழுக்காத லேமினேஷன். டிசைனர் அனுப்பிய படத்தில் கண் மூடிய புத்தர் முகம், பக்கத்தில் ஒரு தாமரை, கீழே 'முதல் வருகைக்குப் பாதி விலை' என்ற வரி. நிறம் சரியாக இருக்கிறதா, ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்றுதான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. அன்றிரவே நானும் இன்னொரு தம்பியும் போய், மண்டியிட்டு, காற்றுக்குமிழ் வராமல் தேய்த்து ஒட்டிவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு மூலை பெயர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். காலை ஏழரை மணி இருக்கும். அந்தத் தளத்தைத் துடைக்கும் சீன ஆன்ட்டி, எழுபதைத் தாண்டியவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் வேறொரு துணி, புதுத்துணி. அதை நனைத்துப் பிழிந்து, நெற்றி, கன்னம், மூடிய கண் என்று அந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி மூக்கின் மேல் மிதித்துப் போனார்கள். ஒவ்வொருவர் போனதும் அவர் மறுபடி துடைத்தார். என் கையில் இருந்த ஸ்டிக்கர் கத்தியைப் பார்த்ததும் எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "தா பொலே லா, இனி தா பொலே" என்றார் மலாயில், 'கூடாது, இது கூடாது' என்று. நான் வந்தது மூலையைத் திரும்ப ஒட்ட. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடை மேலாளரிடம் பேசினேன். நல்ல பையன்தான், ஆனால் "அங்கிள், இது வெறும் டெக்கரேஷன், யாரும் குறை சொல்லவில்லையே" என்றார். யாரைக் கேட்டால் முடிவு தெரியும் என்று நானே சில அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓரிடத்தில், கட்டடத்துக்கு உள்ளே இருப்பது எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். இன்னோரிடத்தில் மின்னஞ்சல் போடச் சொன்னார்கள். போட்டேன். பதில் வருவதற்குள் ஸ்பாவின் சலுகைக் காலமே முடிந்து, ஸ்டிக்கரை நாங்களே போய் உரித்து எடுத்து வந்தோம்.

நம் ஊரில் விதியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயனீட்டாளர் சங்கத்தின் கீழ் விளம்பரத் தர ஆணையம் இருக்கிறது, அதற்கு ஒரு நெறிமுறை இருக்கிறது. பகைமையைத் தூண்டுகிறவர்களுக்கு 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் பட்டறையில் யாருக்கும் யார் மேலும் பகை கிடையாது. இருந்தது அவசரமும் அறியாமையும்தான். அச்சு இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு தாள் இருந்திருந்தால் அந்த ஆன்ட்டி தரையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அதன் பிறகுதான் நான் கண்ணைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். மதுக்கூடத்தின் பின்சுவரில் புத்தர். கால் மிதியடியில் புத்தர். கழிவறைக் கதவில் 'அமைதி' என்று எழுதிப் புத்தர். செடி வைக்கும் தொட்டியாகப் புத்தர் தலை, உச்சியில் கற்றாழை. தலை மட்டும் தனியாக எப்படி அலங்காரப் பொருளானது என்று தேடிப் படித்தபோது மனம் சங்கடப்பட்டது. கம்போடியாவின் அங்கோர், தாய்லாந்தின் அயுத்தயா போன்ற இடங்களில் சிலைகளின் தலைகளை அறுத்தெடுத்து விற்றிருக்கிறார்கள். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள போரோபுதூர் பௌத்தக் கோயிலில் இருந்த 504 புத்தர் சிலைகளில் 300க்கும் மேற்பட்டவை இன்று சிதைந்திருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. இதைத் தெரிந்துகொண்டா வரவேற்பறைக்குத் தலை வாங்குகிறார்கள்? எனக்கே இப்போதுதானே தெரிந்தது.

இங்கே நம் தமிழர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஆட்டிறைச்சி விளம்பரம் ஒன்றில் பிள்ளையாரை விருந்து மேசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் வாட்சப் குழு கொதித்தது. முதலில் தள்ளுபடியான புகார், மறுஆய்வில் ஏற்கப்பட்டது என்று கேட்டு மகிழ்ந்தோம். அதே மேசையில் புத்தரும் இருந்தார். அவரைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவர்கூட ஒரு வரி போடவில்லை, நான் உட்பட. அது போகட்டும், தீபாவளிக்கு லட்சுமி படம் போட்ட வெடியைக் கொளுத்தி, மறுநாள் கிழிந்த தாளைக் கூட்டிக் குப்பையில் தள்ளிய பிள்ளைகள்தானே நாங்கள். அதனால் மற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குத் தகுதி இல்லை.

ஏற்றவும் வேண்டாம். மியன்மாரில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய புத்தர் படத்தை மதுக்கூட விளம்பரத்துக்குப் போட்டதற்காக 2015இல் மூன்று பேருக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தார்கள். படத்தை நீக்கி மன்னிப்புக் கேட்ட பிறகும் அந்தத் தண்டனை. அந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம். எதைத் தொட்டாலும் வம்பு என்று டிசைனர்கள் பயந்து விசாக தின வாழ்த்து அட்டைகூடச் செய்ய மறுத்தால் அதுவும் நஷ்டம்தான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கோப்பிக்கடைக் கல்லாவில் தொந்தியும் சிரிப்புமாக உட்கார்ந்திருப்பவரைச் 'சிரிக்கும் புத்தர்' என்கிறோம். அவர் சித்தார்த்தர் இல்லையாம். புடாய் என்ற சீனத் துறவி, 10ஆம் நூற்றாண்டுக்காரர், இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் வடிவம் என்று நம்புகிறார்கள். அவர் தொந்தியைத் தடவுவது பலருக்கு மகிழ்ச்சியான பழக்கம். எல்லா உருவத்துக்கும் ஒரே விதி போட்டால் இது மாதிரி இடத்தில் தடுக்கி விழுவோம். ஆகவே என்னைப் போன்ற வெளியாள் எழுதாமல், பௌத்த சம்மேளனம், தேரவாதப் பௌத்தப் பிரிவின் கோயில்கள், சமயங்களுக்கு இடையிலான அமைப்பு எல்லாரையும் உட்கார வைத்து அமைச்சு இதைத் தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள். நாட்டின் மிகப் பெரிய சமயப் பிரிவே அவர்கள்தான். ஆனாலும் சத்தம் போடாதவர்கள், அதனால்தான் "யாரும் குறை சொல்லவில்லையே" என்ற பேச்சு எடுபடுகிறது.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கும் சாக்கியமுனி புத்தகயா கோயிலைத் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகும் தமிழர்கள் அறிவார்கள். 15 மீட்டர் உயரச் சிலை. வாசலருகே, கருங்காலி மரத்தில் முத்துச்சிப்பி பதித்த புத்தர் பாதம் வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கரை உரித்த வாரம் அங்கே போய் நின்றேன். பாதத்தைக் கும்பிட ஒரு குடும்பம் வரிசையில் நின்றது, சின்னப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு மீட்டர் அகலத்துக்கு நான் ஒட்டியது ஞாபகம் வந்து, சரி என்று வெளியே வந்துவிட்டேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. படங்களோடு இரண்டு பக்கத் தாள், நான்கு மொழியிலும். தரை, மிதியடி, காலணி, உள்ளாடை, கழிவறை, மது இவற்றில் புத்தர் உருவம் ஏன் வேண்டாம் என்று ஒரு வரிக் காரணத்தோடு இருக்க வேண்டும். காரணம் சொன்னால் எங்கள் ஆள்கள் கேட்டுக்கொள்வார்கள், வெறும் தடை என்றால் சுற்றுவழி தேடுவார்கள். எது தாராளமாகச் செய்யலாம் என்பதும் அதே தாளில் வரட்டும். கடைத்தொகுதி நிர்வாகங்களுக்கும் அச்சுப் பட்டறைகளுக்கும் டிசைன் படிக்கும் மாணவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும். அப்புறம், சந்தேகம் வந்தால் அச்சுக்கு முன்னால் கேட்க ஒரே ஒரு எண், ஒரு வேலைநாளுக்குள் பதில். எங்கள் தொழிலில் அதற்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்துவ, சீக்கிய உருவங்களுக்கும் எழுத்துகளுக்கும் பிறகு இதே வகையில் செய்யலாம், தொடக்கம் இதுவாக இருக்கட்டும்.

உரித்த ஸ்டிக்கர் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. குப்பைக் குழாயில் போட மனம் வராமல், சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சாமி படம் போட்ட பழைய நாள்காட்டி என்றால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் தெரியும், இது வினைல், எரிக்கவும் முடியாது. இப்படிப்பட்டவற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அச்சுப் பட்டறை ஊழியர், உபி