அம்மாவின் விழுங்கும் பயிற்சி குறித்து

அன்புள்ள இளங்கோவுக்கு,

பக்கவாதத்துக்குப் பின் அம்மா மறுபடி விழுங்கப் பழக உதவும் என்று, மூளைக்கு மின்சாரம் செலுத்தும் கருவியை நீயே வாங்கி அனுப்புவதாக எழுதியிருந்தாய். செலவை எண்ணாமல் அம்மாவுக்கு என்றதும் முன்வருகிறாயே, அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் வாங்க வேண்டாம்.

தலையில் ஈரப் பஞ்சுப் பட்டைகளை வைத்து ஒன்று, இரண்டு மில்லியாம்பியர் மின்னோட்டம் செலுத்துகிறார்கள். அது யாருக்கும் விழுங்கக் கற்றுத் தருவதில்லை. மூளை கற்றுக்கொள்வதற்குச் சற்றே இணக்கமாக இருக்க உதவக்கூடும், அவ்வளவுதான். மழை பெய்த நிலம் போலத்தான் அது; ஈரம் காயுமுன் உழுகிற வேலையைப் பயிற்சிதான் செய்ய வேண்டும்.

நீ இருக்கும் மான்செஸ்டரில்தான் 1990களில் ஷாஹீன் ஹம்டி குழுவினர், மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, விழுங்கும் தசைகளுக்கான இடம் மூளையின் இரு பாதிகளிலும் இருப்பதையும், அவற்றில் ஒரு பக்கம் ஓங்கியிருப்பதையும் கண்டறிந்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் திறன் மீண்டவர்களுக்கு, அடிபடாத பாதியில் அந்த இடம் விரிந்திருந்ததாம். அம்மாவுக்கு மூளையின் இடப்பக்கம் நன்றாக இருக்கிறது என்பதால், இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் ஐரோப்பியப் பக்கவாத அமைப்பின் 2021 வழிகாட்டுதல், மின்சாரத்தாலோ காந்தத்தாலோ செய்யும் இத்தகைய தூண்டல்களை வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக மட்டும், அதுவும் கூடுமானவரை மருத்துவ ஆய்வுக்குள்ளேயே செய்யச் சொல்கிறது. அம்மாவுக்கு வலிப்பு வந்தது உனக்கும் தெரியும். மருத்துவர் சொல்லாமல் அவள் தலையில் எதையும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பயிற்சி தரும் பெண், அம்மாவின் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, கூழ்ப் பதமாக்கிய தண்ணீரைக் கரண்டி நுனியில் தருகிறாள். குரல்வளை மேலேறியதும் அதை அங்கேயே நிறுத்திப் பிடிக்கச் சொல்கிறாள். விழுங்கிய பின் "ஆ" சொல்லச் சொல்லி, தொண்டையில் நீர் தங்கிக் குரலில் ஈரம் ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். புரையேறினால் அம்மா, "தம்பி நினைக்கிறான்" என்கிறாள். இருமல் வந்தால்கூட எனக்குப் பயமில்லை. இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால்தான் நீர்த்து ஓடும் ரசத்தைக் கேட்டுக் கெஞ்சினாலும் நான் கொடுப்பதில்லை.

நீ அலைபேசியில் என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். உனக்கு வேலை அதிகம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உணவுக்கான மூக்குக் குழாய் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் முகம் அதே முகம்தான். மாலைப் பயிற்சி ஆறு மணிக்குத் தொடங்குகிறது, உனக்கு அது மதியச் சாப்பாட்டு வேளையாக இருக்கும். எதிரில் ஆளிருந்தால் அம்மா சோர்ந்து போகாமல் இன்னும் சில முறை விழுங்குகிறாள். வீடியோவில் வா. நீ சாப்பிடுவதை மட்டும் அவளுக்குக் காட்டாதே.

கருவிக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றே ரத்து செய்துவிடு.

அன்புடன்,
அப்பா