அழிப்பியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சி++ மொழியில் ஒரு பொருளின் ஆயுள் முடியும்போது ஓடும் அழிப்பியைப் (destructor) பிளஸ் 1லும், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து வெளியே எதையும் மாற்றாத தூய செயற்கூறைப் (pure function) பிளஸ் 2விலும் நடத்திவிடுகிறோம். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் நடுவே விழுந்துவிடுகிறது. சேலத்துக் கல்லூரி ஆய்வகங்களில் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

செயற்கூறுக்குள் ஒரு பொருளை அறிவித்தால், நெளிவு அடைப்பு மூடும் இடத்தில் அதன் அழிப்பி தானாக ஓடும். எழுதியவர் கண்ணில் படாத அழைப்பு அது. அந்த அழிப்பி லாக் (பதிவு) கோப்பில் ஒரு வரி எழுதினாலே போதும், மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தலானாலும் செயற்கூறு தூயதல்ல. ஜிசிசி என்ற கம்பைலரில் அதற்கு 'ப்யூர்' (தூயது) என்று முத்திரை குத்தினால் கம்பைலர் சோதிக்காது, அப்படியே நம்பிவிடும். அந்தச் செயற்கூறைத் தனிக் கோப்பில் வைத்து, லூப்பில் 10 முறையும் 5 என்ற ஒரே மதிப்பைக் கொடுத்து விடைகளைக் கூட்டிப் பாருங்கள். கம்பைலர் நிரலைச் சுருக்கி வேகப்படுத்தாத ஓ0 நிலையில் லாக்கில் 10 வரி. வேகப்படுத்தும் ஓ2-வில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. விடையைப் பயன்படுத்தாமல் விட்டால் அதுவும் இருக்காது. கம்பைலரைத் திட்டிப் பயனில்லை, பொய் சொன்னது நாம். டி மொழி இதில் கறார்: தூயதல்லாத அழிப்பி கொண்ட பொருளைத் தூய செயற்கூறில் வைத்தால் கம்பைலே ஆகாது.

கடவுச்சொல்லை அழிப்பியில் மெம்செட் (நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் செயற்கூறு) போட்டு அழிப்பவர்களுக்கும் இதே கதிதான். சாகப்போகிற பொருளில் எழுதுவது வீண் என்று ஓ2 அந்த வரியைத் தூக்கிவிடும். கம்பைலர் தூக்காதபடி அழிக்கும் செயற்கூறுகளாக லினக்ஸில் எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ, சி மொழியின் சி23 பதிப்பில் மெம்செட்_எக்ஸ்பிளிசிட் இருப்பது இதற்காகத்தான்.

பிறகு, தேர்வில் கேட்கும் ஒரு கேள்வி: 'அழிப்பி எத்தனை முறை அச்சிடும்?' சேலம் அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்கு எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கொண்டை ஊசி வளைவு 20தான். அழிப்பி வரிகள் அப்படியல்ல. ஒரு செயற்கூறு பெயரில்லாப் பொருளைத் திருப்பி அனுப்ப, அதை மாறியில் வாங்குகிறோம். சி++14-இல் நகல்களைத் தவிர்க்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் நோ-எலைட்-கன்ஸ்ட்ரக்டர்ஸ் கொடி (விருப்பத்தேர்வு) போட்டால் 3 வரி, போடாவிட்டால் 1. சி++17 முதல் கொடி போட்டாலும் 1தான். இடையில் நகல் எடுக்காமல் விடும் நகல் தவிர்ப்பு அங்கே விதியாகவே ஆகிவிட்டது. டர்போ சி++ என்ற பழைய கம்பைலர் கால விடைத்தாளை வைத்துத் திருத்தினால், சரியாக எழுதிய பிள்ளைதான் மதிப்பெண்ணை இழக்கும். கேள்வியிலேயே எந்த சி++ பதிப்பு, எந்தக் கொடிகள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

ஒரு கணினி ஆசிரியர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்